பூட்டிய கிறிஸ்துமஸ்

அத்தியாயம் 6

"உங்களுக்கு இல்ல," என்றாள் சீஸ் கடைக்காரி.

டெஸ் முல்லின்ஸ் நீட்டிய நோட்டோடு அப்படியே நின்றான். பலகையில் அரைச் சக்கரம் சீஸ் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. அவனுக்குப் பின்னால் வரிசையில் ஒரு ஆள் கிடையாது.

"தீந்துபோச்சா?"

"தீரல. உங்களுக்கு இல்ல."

"எனக்கில்லம்மா, எலிப்பொறிக்கு. இந்த ஊர்ல எலி ஜாஸ்தின்னு சொன்னாங்க. வந்து பாத்தா உண்மைதான்."

கடைக்காரி சீஸ் அறுக்கும் கத்தியை எடுத்துப் பலகையில் வைத்தாள். வைத்த விதம் சரியில்லை. துப்பறிவாளர் ஹெஸ்டர் ப்ளாக்கெட் தன் உதவியாளனின் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"பேசாம வர மாட்டியா?"

"பசி மேடம். நேத்து விடுதியில படுக்க இடம் இல்லன்னாங்க. காலையில டயர்ல காத்து இல்ல. இப்போ சீஸ் இல்ல. இன்னும் ரெண்டு நாள் இங்க இருந்தா மூச்சு விடவும் அனுமதி கேக்கணும்."

"ரெண்டு நாள் இல்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. அதுக்குள்ள முடியலன்னா நம்ம ஆளுக்கு வீடு இல்ல."

அவர்கள் ஆள் ரோஸ்லின் கிம்ப்டன். மார்க்கெட் டன்ஸ்லோ ஊரின் சந்தைத் திடலிலிருந்து ஒரு கல் வளைவுக்கு அடியில் நுழைந்தால் கன்னிமாடப் பாதை. கன்னியாஸ்திரீகள் ஒருகாலத்தில் வாழ்ந்து, இடிந்துபோன கன்னிமாடத்தின் சுவர்களை ஒட்டியே போகும் அந்தப் பாதை ரோஸ்லினின் டீக்கடை வாசலில் முடியும். கீழே கடை, மேலே வீடு. வேறு வழி கிடையாது. ஊர் பார்க்க வருகிறவர்கள் கன்னிமாடத்தைப் பார்த்துவிட்டு நேரே அவள் கடைக்குப் போய் கேக் தின்பார்கள். பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு அதுதான்.

பாதையின் நிலம் கைல்ஸ் அட்டர்பரிக்குச் சொந்தம். அவன் அப்பா இருந்தவரைக்கும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. அப்பா போய் இரண்டு வருஷம். மகன் இந்த ஜனவரியில் பாதைக் கதவுக்குச் சங்கிலி போட்டான். கன்னிமாடத்தில் பணக்காரர்களுக்குக் கல்யாணம் நடத்திக் கொடுக்கப் போகிறானாம், நடுவில் டீக்கடை எதற்கு? ரோஸ்லின் உடனே புகார் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை சங்கிலியைக் கழற்றும்படி ஏப்ரலில் கவுன்சில் சொல்லிவிட்டது. அன்றே அட்டர்பரியும் ஒரு வார்த்தை சொன்னான். பாதை கைவிட்டுப் போனால், சுற்றுலா பஸ்கள் நிற்கும் தன் புல்வெளியையும் மூடிவிடுவானாம். பஸ் வராவிட்டால் சந்தை படுத்துவிடும். ஒரு ஊரையே ஒரு பொம்பளைக்கு எதிராகத் திருப்பிவிட அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

சட்டம் ரோஸ்லின் பக்கம்தான். தகராறு தொடங்கும்வரை இருபது வருஷம் யாரும் தடுக்காமல் ஜனங்கள் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. நடுவில் ஒரே ஒரு நாள் பூட்டியிருந்தாலும் கணக்குக் கெட்டது. அதனால்தான் அந்தத் தேசத்து நிலக்காரர்களில் விவரமானவர்கள் கிறிஸ்துமஸ் அன்று கதவைப் பூட்டுவார்கள். ஊரே வான்கோழியை வெட்டி விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிற நாள், நடக்க யார் வருவார்கள்? பூட்டு, ஒரு போட்டோ எடு, மறுநாள் திற. சண்டையில்லை, சத்தமில்லை.

அட்டர்பரியிடம் அப்படி ஒரு போட்டோ இருந்தது. 2003 கிறிஸ்துமஸ். செத்துப்போன அப்பாவின் மேஜை இழுப்பறையில் கிடைத்ததாம். வக்கீல் ரோஸ்லினுக்கு அனுப்பியது வெறும் கறுப்பு வெள்ளை நகல். அசல், மற்ற காகிதங்களோடு சேர்த்து, பொதுமக்கள் பார்வைக்காக ஊர் மியூசியத்தில் வைக்கப்பட்டிருந்தது.

மியூசியம் அந்தக் கல் வளைவுக்கு மேலேயே இருந்தது. முப்பத்திரண்டு படி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம்.

"இதை ஏறி வந்தவனை அப்படியே கண்ணாடிப் பெட்டியில வெச்சுடலாம்," என்று மூச்சு வாங்கினான் டெஸ். "அவ்வளவு அபூர்வம்."

மேலே நின்றிருந்த நார்மன் பெக் சிரித்தார். இரண்டு நாளில் இந்த ஊரில் டெஸ் பார்த்த முதல் சிரிப்பு. அறுபத்தைந்து வயது, கம்பளிச் சட்டை, பாக்கெட்டில் நாலு பேனா. ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளரும் அவரே, மியூசியத்தின் காவலாளியும் அவரே, பெருக்குகிறவரும் அவரே.

"டிக்கெட் வேண்டாம், வாங்க வாங்க. ரோஸ்லினுக்காக வந்திருக்கீங்க. ஊர்ல எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னா நானுமா திருப்பிக்குவேன்? தினமும் மத்தியானம் அவ கையால சூப் குடிக்கறவன் நான்."

கன்னியர் போட்ட செருப்பின் அடித்தோல், காளையைக் கட்டிய இரும்பு வளையம், துணியில் தைத்த பழைய வரைபடம் எல்லாவற்றையும் அவர் காட்டினார். பாதைப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. வெயில் பட்டால் பழைய துணி வெளுத்துவிடுமாம். டெஸ் ஒரு பிஸ்கட்டுக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பிஸ்கட் வந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதரை அவனுக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் போட்டோ வந்தது.

வெண்பனி படிந்த பாதை. மொட்டை மரங்கள். மூடிய கதவு, அதில் சங்கிலி, சங்கிலிக்கு மேலே இலைதழையால் பின்னி சிவப்பு நாடா கட்டிய கிறிஸ்துமஸ் வளையம். ஓரத்துச் சுவரை ஒட்டி ஐந்து குப்பைத் தொட்டிகள், கைப்பிடிகள் பாதையைப் பார்த்தபடி, மூடிகளின் மூலையில் மஞ்சளாக ஏதோ. பின்பக்கம் தேதி.

"பாவம் ரோஸ்லின்," என்றார் நார்மன். "ஆனா போட்டோன்னா போட்டோதான். என்ன செய்ய முடியும்?"

காகிதத்தைச் சோதனைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். ஹெஸ்டரிடம் இருந்தது ஒரு ராத்திரி. டெஸ் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினான்.

"மேடம், தொட்டி பழுப்பு."

"அதனால?"

"நகல்ல எல்லாம் சாம்பலாத் தெரிஞ்சுது. இது பழுப்பு. தோட்டக் குப்பைத் தொட்டி. இந்த மாவட்டத்துல கறுப்புதான் இருந்துது. பழுப்பு வந்தது 2007 வசந்தத்துல. எனக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க."

"சொல்லு."

"பக்கத்து ஊர்ல வீடு வீடா இறக்கி வெச்சதே நான்தான். குப்பை லாரியில பதினோரு வருஷம். இடுப்பு இன்னும் அந்தத் தேதியை மறக்கல."

நார்மன் பேனா ஒன்றை எடுத்து, பார்த்து, மறுபடி பாக்கெட்டில் வைத்தார். "நல்ல கண்ணு உங்களுக்கு," என்றார்.

"அதோட, கிறிஸ்துமஸ் அன்னைக்கு இந்த நாட்டுல எவன் குப்பை எடுக்கறான்? ஐஞ்சு வீட்டுக்காரங்களும் கைப்பிடியை ரோட்டைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்காங்க. லாரி வர்ற அன்னைக்கு மட்டும்தான் அப்படி வைப்பாங்க. 2003-ம் இல்ல, கிறிஸ்துமஸும் இல்ல. புளுகு மேடம், முழுப் புளுகு!"

படிகளில் இறங்கும்போது டெஸ்ஸுக்கு மூச்சு வாங்கவில்லை. விசில்கூட வந்தது. ஹெஸ்டர்தான் எதையோ மென்றுகொண்டே வந்தாள்.

பாதைக் கதவுக்குப் பக்கத்தில் அட்டர்பரி நின்றிருந்தான். பச்சைக் கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கூடவே ஒரு நாய். அந்த நாயும் டெஸ்ஸைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ரோஸ்லின், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, இவர்களைப் பார்த்து வேகமாக வந்தாள். நாற்பத்தெட்டு வயது. ஒரு வாரமாகத் தூங்காத கண்.

"ஏதாவது கிடைச்சுதா?" என்றாள் தூரத்திலிருந்தே.

டெஸ்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. அட்டர்பரி காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னான். பழுப்புத் தொட்டி, 2007, லாரி, எல்லாம். ரோஸ்லின் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

அட்டர்பரி முழுவதையும் கேட்டான். பிறகு நாயின் தலையைத் தடவினான்.

"குப்பைக்காரன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நல்லது. அவனவன் வேலை அவனவனுக்குத் தெரியுது."

"பொய்த் தேதி போட்ட போட்டோவைக் கொடுத்திருக்கீங்க, மிஸ்டர் அட்டர்பரி," என்றாள் ஹெஸ்டர்.

"எங்கப்பா வயசானவர். தேதியைத் தப்பா எழுதிட்டார். 2003 இல்லன்னா 2008-ன்னு வெச்சுக்குங்க. கிறிஸ்துமஸ் இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்." அவன் சிரித்தான். "கதவு பூட்டியிருக்கா இல்லையா? இருபது வருஷத்துல ஒரு நாள். எந்த நாளா இருந்தா எனக்கென்ன?"

டெஸ் ஹெஸ்டரைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த விஷயத்தை இன்னைக்கே சொன்னதுக்கு நன்றி. ராத்திரி என் வக்கீல் தேதியைத் திருத்திடுவார். நாளைக்குச் சொல்லியிருந்தா கொஞ்சம் தடுமாறியிருப்பேன்." அட்டர்பரி ரோஸ்லின் பக்கம் திரும்பினான். "சாமான் கட்ட அட்டைப்பெட்டி வேணும்னா என் ஆளுங்ககிட்ட சொல்லுங்க. பண்ணையில நிறைய கிடக்கு."

அவனும் நாயும் போனார்கள். ரோஸ்லின் டெஸ்ஸின் கையை விட்டுவிட்டாள்.

"அவன் முன்னாடி ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் டெஸ் தாங்கியிருப்பான்.

ஹெஸ்டர் திட்டவும் இல்லை. அது அதைவிட மோசம். டெஸ் சுவரோரம் போய் நின்றான். நாளை வெள்ளிக்கிழமை, குப்பை நாள். சுவரை ஒட்டிய ஐந்து சின்ன வீடுகளின் தொட்டிகள் இப்போதே வெளியே வந்திருந்தன. முதல் தொட்டியை ஓங்கி ஒரு உதை விட்டான். தொட்டி சாய்ந்தது. பதினோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போய் அதைத் தாங்கி நிமிர்த்தியது.

நிமிர்த்தியவன் அப்படியே குனிந்து மூடியைப் பார்த்தான்.

"மேடம், போட்டோவுல தொட்டி மேல மஞ்சளா ஏதோ இருந்துதே, பாத்தீங்களா?"

"பாத்தேன். இலைன்னு நெனச்சேன். அப்புறம் அஞ்சு மூடியிலயும் ஒரே மூலையில எப்படி இலை விழும்னு நெனச்சேன். அங்கேருந்து அதுதான் என் தலையில ஓடிட்டிருக்கு."

"இலை இல்ல. இதோ."

மூடியின் வலது மூலையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் ஸ்டிக்கர்.

"தோட்டக் குப்பைக்குக் கவுன்சில் தனியா கட்டணம் வாங்குது. கட்டினவங்க மூடியில இதை ஒட்டணும், இல்லன்னா லாரிக்காரன் தொட மாட்டான். வருஷத்துக்கு ஒரு கலர். போன வருஷம் நீலம். அதுக்கு முன்னாடி ஊதா."

"மஞ்சள்?"

"இந்த வருஷம்தான். பிப்ரவரி கடைசியில தபால்ல வந்துது. என் வீட்லயும் வந்துது. அதுக்கு முன்னாடி எந்த வருஷமும் மஞ்சள் கிடையாது."

ரோஸ்லின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படின்னா?"

"அப்படின்னா அந்த போட்டோ எடுத்தது இந்த வருஷம்," என்றாள் ஹெஸ்டர். "மார்ச். பனி விழுந்த ஒரு காலை. மரமெல்லாம் மொட்டை, கதவுல அட்டர்பரியோட சொந்தச் சங்கிலி. ஏப்ரல்லதானே கழட்டினான்? நீங்க புகார் கொடுத்ததுக்கப்புறம் பூட்டினது கணக்குல வராது. கிறிஸ்துமஸ் வளையத்தை யாரோ மார்ச்சுல மாட்டிப் படம் எடுத்திருக்காங்க. செத்து ரெண்டு வருஷமான மனுஷன் எழுந்து வந்தா எடுத்தார்?"

"யாரோன்னா? அட்டர்பரிதான்!" என்றான் டெஸ்.

"நீ எங்க நிக்கற டெஸ்?"

"பாதையில."

"அஞ்சு மூடியோட மேல்பக்கமும் தெரியுதா?"

டெஸ் பார்த்தான். கைக்கெட்டும் முதல் மூடி தெரிந்தது. மற்ற நாலும் பக்கவாட்டில் வெறும் விளிம்பு.

"போட்டோவுல எல்லாமே தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது. ஏன்னா எடுத்தவர் தரையில இல்ல."

அவள் மெல்லத் திரும்பி அண்ணாந்து பார்த்தாள். பாதையைப் பார்த்தபடி உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே திரை போட்டிருந்தது.

டெஸ் கோட்டில் ஒட்டியிருந்த பிஸ்கட் துணுக்கைத் தட்டிவிட்டான்.

"இல்ல," என்றாள் ரோஸ்லின். "அவர் இல்ல. அவர் மட்டும் இல்ல. என் கூட சேர்ந்து புகார்க் கடிதம் எழுதினதே அவர்தான்."

"அந்த அறைக்குச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

ரோஸ்லின் வளைவை நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

முப்பத்திரண்டு படி. நார்மன் கதவைச் சாத்தப் போயிருக்க வேண்டும், கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. ரோஸ்லினைப் பார்த்ததும் பின்வாங்கினார். ஹெஸ்டர் அவரைத் தாண்டிப் போய்த் திரையை விலக்கினாள். கீழே பாதை, கதவு, சுவர், ஐந்து தொட்டிகள். ஓரத்தில் போட்டோவில் இல்லாத ஒரு காரும் ஒரு தெருவிளக்கும். பனியும் வளையமும்தான் பாக்கி.

"பக்கத்து வீட்டுக் காரை நகத்தச் சொல்லியிருக்கீங்க," என்றாள் ஹெஸ்டர். "தெருவிளக்கு வராம ஓரத்தை வெட்டியிருக்கீங்க. பழைய போட்டோத்தாள் தேடிப் பிடிச்சிருக்கீங்க. எழுநூறு வருஷத்துச் சமாசாரம் எல்லாம் உங்களுக்குக் கண்ணுல படும். ஜன்னலுக்குக் கீழயே இருக்கற குப்பைத் தொட்டி படல."

"யார் பாப்பாங்க அதை?" என்றார் நார்மன் தன்னையறியாமல். "அது எப்பவும் அங்கேயே இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சாம்பலாயிற்று.

"ஏன் நார்மன்?" என்றாள் ரோஸ்லின். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

நார்மனின் குரலில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை, கோபம். பல வருஷமாக ஊறிய கோபம். டெஸ் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் இந்த வளைவுக்கு அடியில போறாங்க தெரியுமா? வேனிற்காலத்துல இருநூறு பேர். எங்க போறாங்க? கன்னிமாடத்துக்கா? அஞ்சு நிமிஷம் நின்னு படம் எடுத்துக்கிட்டு உன் கேக்குக்கு ஓடறாங்க. இங்க ஏறி வர்றது நாலு பேர். அதுல ரெண்டு பேர் கழிப்பறை எங்கன்னு கேக்க வர்றாங்க. முப்பது வருஷம் நான் தோண்டி, தேடி, துடைச்சு வெச்சது எல்லாம் உன் எலுமிச்சைக் கேக்குக்குக் கீழ போச்சு. அட்டர்பரி பெரிய வீட்டுக் கூடத்தையே தர்றேன்னான். தரைத்தளம். கல்யாணத்துக்கு வர்ற ஒவ்வொருத்தனும் என் மியூசியத்தைத் தாண்டித்தான் உள்ள போகணும்."

"அதுக்காக?"

"நீயே சொல்லு ரோஸ்லின். பதினெட்டு வருஷம் என் மியூசியத்துக்கு இருநூறு அடியில கடை நடத்தற. இந்தப் படியை இதுக்கு முன்னாடி எத்தனை தடவை ஏறியிருக்க?"

ரோஸ்லின் சுற்றிலும் திரும்பினாள். கன்னியரின் செருப்புத் தோலையும் இரும்பு வளையத்தையும் பார்த்தாள். அவள் அவற்றை முதல்முறையாகப் பார்க்கிறாள் என்பது டெஸ்ஸுக்கே தெரிந்தது.

"ஏறி வந்திருக்கணும்," என்றாள். "தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு என் வீட்டையா கேப்பீங்க?"

நார்மன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெஸ்டர் போட்டோவைக் கைக்குட்டையால் எடுத்து உறையில் போட்டாள். மற்ற மூன்று பேரும் சாட்சியாக மூடி ஒட்டினாள். "இது நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை அதிகாரி மேஜையில இருக்கும்," என்றாள். "நீங்க வந்து உங்க வாயாலயே சொன்னா அட்டர்பரி மாட்டுவான். வரலன்னா நீங்க மட்டும் மாட்டுவீங்க. அவன் உங்க பேரைத்தான் முதல்ல சொல்வான், அது உங்களுக்கே தெரியும்."

"மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின தொட்டி ஒண்ணை நானே தள்ளிட்டு வந்து ஹால்ல நிறுத்தறேன்," என்றான் டெஸ். "காலியா வேணுமா, நிரப்பியான்னு மட்டும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

நார்மன் நிமிர்ந்து பார்த்தார். ஹெஸ்டரை இல்லை, ரோஸ்லினை.

"வரேன். வந்து சொல்லிடறேன். எல்லாத்தையும். சொல்லிட்டா..." அவர் நிறுத்தினார். "மத்தியானம் மறுபடி கடைக்கு வரலாமா?"

ரோஸ்லின் ஏப்ரனை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைச் செய்ய அவளுக்கு நேரம் பிடித்தது.

"நீங்க உண்மையைச் சொன்னா அது பொதுப்பாதை ஆயிடும் நார்மன். யார் வேணும்னாலும் நடக்கலாம். நீங்களும் நடக்கலாம், என் வாசல் வரைக்கும். உங்களை யாரும் தடுக்க முடியாது." அவள் படியில் காலை வைத்தாள். "என் கதவைத் திறக்கணும்னு மட்டும் எந்தச் சட்டமும் இல்ல."